'செக்' என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜொகூர் போகும் வழியில் செக்பாயின்ட், சாங்கியில் செக்-இன், பலதுறை மருந்தகத்தில் பிரஷர் செக், வங்கியில் போட வேண்டிய செக், தேக்கா கடையில் தொங்கும் செக் சட்டை. புளோக்குக்குக் கீழே கல்மேசையில் சதுரங்கம் ஆடும் பிள்ளையின் வாயிலும் "செக்!" நான் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவன். அவர்களும் அவர்களைக் கூட்டிவரும் அம்மா அப்பாக்களும் இந்தச் சொல்லைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொல்தானே என்று தள்ளிவிட முடியாத சொல் இது. இந்தியாவில் பிறந்த ஓர் ஆட்டத்தின் கூடவே உலகம் சுற்றி, நம் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தனை 'செக்'கும் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒன்றா?

ஒரே சொல். ஆங்கிலத்தில் ஒலியும் எழுத்தும் ஒன்றாக இருந்து வேர் வேறாக இருக்கும் சொற்கள் உண்டு. கிரிக்கெட் மட்டையும் 'பேட்', வௌவாலும் 'பேட்'. இரண்டுக்கும் உறவு கிடையாது. 'செக்' அப்படிப்பட்டதல்ல. சோதனை, தடை, காசோலை, துணியின் கட்டம் எல்லாமே சதுரங்கப் பலகையிலிருந்து கிளைத்தவை. அந்தப் பலகையில் நிற்கும் ராஜாதான் எல்லாவற்றுக்கும் மூலம். பாரசீக மொழியில் ராஜாவுக்கு 'ஷா' என்று பெயர். ஷாஜஹானின் பெயரில் இருக்கிறதே, அதே ஷா. பாதுஷாவில் இருப்பதும் அதுவே.

'ஷா' எப்படி 'செக்' ஆனது?

ராஜாவைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தவர் எதிராளியை எச்சரிக்க "ஷா!" என்று சொல்வது பாரசீக வழக்கம். "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் பாரசீகம் அரேபியர் கைக்குப் போனது. அவர்கள் ஆட்டத்தையும் அந்தக் கூவலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியே ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் ஆட்டம் போனது. 1000ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவில் பரவலாகத் தெரிந்திருந்தது. லத்தீன்காரர்கள் 'ஸ்காக்குஸ்' என்றார்கள், பழைய பிரெஞ்சில் அது 'எஷெக்' ஆனது, இங்கிலாந்துக்கு வந்தபோது தலையெழுத்து உதிர்ந்து 'செக்' ஆகிவிட்டது. சுமார் 1300இல் ஆங்கிலத்தில் இந்தச் சொல் சதுரங்கப் பொருளில் வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 'எஷெக்' என்பதன் பன்மை 'எஷே'. அந்தப் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. ஆட்டத்தின் பெயரும் ஆட்டத்தில் சொல்லும் எச்சரிக்கையும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும்தான். 'செஸ்' என்றால் 'ராஜாக்கள்'. நம் பிள்ளை "ராஜாவுக்குச் செக்" என்று சொல்லும்போது வேர்ப்பொருளில் "ராஜாவுக்கு ராஜா" என்று சொல்கிறது. இந்திக்காரர்கள் இன்றைக்கும் செக் என்பதற்கு 'ஷஹ்' என்கிறார்கள். அங்கே பழைய ஒலி பெரிதாகத் தேயவில்லை.

ஆட்டம் இந்தியாவில் பிறந்தது என்றால், சொல் ஏன் பாரசீகத்திலிருந்து போனது?

ஆட்டம் பிறந்தது வட இந்தியாவில், ஆறாம் நூற்றாண்டு வாக்கில். பெயர் சதுரங்கம்: யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புகள் கொண்ட படை. தமிழில் நாற்படை என்று சொல்வது இதைத்தான். பாரசீகர்கள் 'சத்ரங்' என்றார்கள், அரேபியர்கள் 'ஷத்ரஞ்ச்' என்றார்கள்.

இந்த இடத்தில் பெயர் இரண்டு கிளையாகப் பிரிகிறது. அரேபியர் ஆண்ட ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஷத்ரஞ்ச் நிலைத்தது. ஸ்பானியர்களின் 'அஹெத்ரெஸ்', போர்ச்சுகீசியரின் 'ஷத்ரேஸ்' இரண்டும் நம் சதுரங்கமேதான். மற்ற இடங்களில் ஆட்டத்தின் பெயரைவிட அந்தக் கூவல் பலமாக ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் 'எஷெக்', ஜெர்மனில் 'ஷாக்', இத்தாலியனில் 'ஸ்காக்கி', ஆங்கிலத்தில் 'செஸ்'. ஆட்டத்தை வேடிக்கை பார்த்தவர்களின் காதில் திரும்பத் திரும்ப விழுந்த சத்தம் அதுதானே.

நம் பக்கத்து வீட்டு மலாய் நண்பரிடம் சதுரங்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'சாத்தூர்' என்பார். சதுரங்கத்தின் முதல் பாதி! மேற்கே போனவர்கள் ராஜாவைப் பிடித்துக்கொள்ள, கிழக்கே வந்தவர்கள் 'சதுர்' என்ற நான்கைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் ஒரே கல்மேசையைச் சுற்றி 'சாத்தூர்', 'சதுரங்கம்', 'செஸ்' என்ற மூன்று பெயரும் ஒன்றாகக் கேட்கும். வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத பாக்கியம் இது.

'ஷா'வுக்கும் நம் மொழிகளுக்கும் உறவு உண்டா?

சமஸ்கிருதத்தோடு உண்டு. பழம்பாரசீகத்தில் ராஜாவுக்கு 'க்ஷாயதிய' என்று பெயர். கி.மு. 520 வாக்கில் மன்னன் தாரியஸ் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். அது தேய்ந்துதான் 'ஷா'. ஆளுதல் என்ற பொருளுடைய அதே வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் 'க்ஷத்ர', 'க்ஷத்ரிய' என்ற சொற்கள் வந்தன. தமிழில் சத்திரியர் என்கிறோம். ஆக, 'செக்'கும் 'சத்திரியர்' என்பதும் தூரத்து உறவுக்காரர்கள்.

'செக்மேட்' என்றால் "ராஜா செத்தார்" என்றுதானே அர்த்தம்?

நிறைய புத்தகங்களில் அப்படி இருக்கிறது, பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'மாத்தா' என்றால் அரபு மொழியில் 'இறந்தான்'. அதை வைத்து வந்த விளக்கம் அது. ஆனால் மூலத் தொடர் பாரசீகத்து 'ஷா மாத்'. அந்த 'மாத்' என்பதற்குத் திகைத்துப்போன, செய்வதறியாத, வழியற்ற என்று பொருள். ஆட்டமும் இந்த விளக்கத்தின் பக்கம்தான் நிற்கிறது. சதுரங்கத்தில் எந்தக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்டுவதே இல்லை. அவர் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனவே பிள்ளைகளிடம் "ராஜா மாட்டிக்கொண்டார்" என்று சொல்லுங்கள். சொல்லுக்கும் பொருந்தும், ஆட்டத்துக்கும் பொருந்தும்.

பெரிய ஆட்டக்காரர்கள் செக்மேட் வரைக்கும் போவதே அபூர்வம். 2024 டிசம்பர் 12ஆம் தேதி செந்தோசாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலக வாகையர் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரன் 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். சென்னைப் பிள்ளை குகேஷ் யானைகளையும் மந்திரிகளையும் வெட்டுக்கு வெட்டு மாற்றிக்கொண்டார். கடைசியில் பலகையில் மிச்சம் இருந்தவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. குகேஷ் தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார், டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5க்கு 6.5. பதினெட்டு வயதில் உலக வாகையர். அந்த ஆட்டம் முடிந்தது ராஜாவின் நகர்வில், செக்மேட் என்ற சொல்லே எழாமல். நம் ஊரில் நடந்தது இது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ராஜாவைக் குறித்த சொல்லுக்கு 'சரிபார்' என்ற பொருள் எப்படி வந்தது?

இரண்டு படி. செக் வைத்தால் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் முதலில் வந்த புதுப்பொருள் 'திடீர்த் தடை', பிறகு 'தடுத்து நிறுத்து', 'கட்டுப்படுத்து'. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் இது வந்துவிட்டது. பிரெஞ்சிலோ 'எஷெக்' என்ற ஒருமைக்குத் தோல்வி என்றே பொருளாகிவிட்டது.

கட்டுப்படுத்துவதிலிருந்து இரண்டாவது படி. தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமானால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'கன்ட்ரோல்' என்ற சொல்லும் இப்படித்தான்: கணக்கைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாவது ஏட்டுச்சுருளின் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் 'செக்' என்பதற்குச் சரிபார்த்தல் என்ற பொருள் நிலைபெற்றது. இன்று நாம் ஒரு நாளில் சொல்லும் செக்குகளில் பெரும்பாலானவை இந்த வயதில் இளைய பொருள்தான்.

வங்கிச் செக்கை மட்டும் ஏன் 'கியூ, யூ, ஈ' போட்டு எழுதுகிறோம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சொல் மறுபடியும் பலகைக்கே திரும்பிப் போகிறது.

பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு 'எஷெக்கியே' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் கருவூலத்தில் கணக்குப் பார்க்க ஒரு பெரிய மேசை இருந்தது. நீளம் சுமார் பத்தடி, அகலம் ஐந்தடி. காய்கள் உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் விளிம்பு. மேலே கோடு போட்ட துணி. மாவட்ட அதிகாரிகள் ஈஸ்டருக்கும் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்கும் வந்து வரிக்கணக்கு ஒப்படைப்பார்கள். பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியில் காய்களை வைத்து, எல்லார் கண்ணெதிரே கூட்டிக் கழிப்பார்கள். ரோமன் எண்களை எழுதி வைத்துக்கொண்டு கூட்டல் போடுவது எவ்வளவு பாடு என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காய் நகர்த்துவது அதைவிடச் சுலபம். பார்ப்பதற்குச் சதுரங்கம் ஆடுவதுபோலவே இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப்பெயரில் அது இன்றும் இருக்கிறது.

பணம் கட்டியதற்கு ரசீது என்ன? ஒரு மரக்குச்சி. தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுக்குறி போட்டு, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். குறிகள் பொருந்தினால் கணக்குச் சரி. காகிதம் வந்த பிறகும் இந்த யோசனை சாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பணப்பத்திரத்தின் கிழிக்காத பாதிக்கு, மோசடியைத் தடுப்பதால், 'செக்' என்று பெயர். அதைத்தான் நாம் அடிக்கட்டை என்கிறோம். பிறகு அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் அதன் எழுத்தை மாற்றினார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். சிங்கப்பூருக்கு வந்தது பிரிட்டிஷ் எழுத்து.

அந்தக் குச்சிகளின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1834 அக்டோபர் 16ஆம் தேதி, தேவையில்லாமல் குவிந்து கிடந்த குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ அளவு மீறிப் போய் நாடாளுமன்றமே எரிந்தது.

காசோலை வருவதற்கு முன்னால் சிங்கப்பூர்த் தமிழர்கள் என்ன செய்தார்கள்?

மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடி வைத்து லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார்களிடம் உண்டியல் இருந்தது. இங்கே பணத்தைக் கட்டினால், கடிதத்தைக் காட்டி இன்னோர் ஊரில் பெற்றுக்கொள்ளலாம். நகரத்தார்கள் 1859இல் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடம். 'காசோலை' என்பது நல்ல சொல்லாக்கம் என்று நினைக்கிறேன்: காசுக்கான ஓலை. சீட்டு எழுதிக் காசு வாங்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்த சமூகத்துக்கு அது அந்நியமாகத் தோன்றவே இல்லை.

இப்போது காசோலையும் போய்க்கொண்டிருக்கிறது. 2017இல் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் 'பேநவ்' வந்தது. 2023இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் நிறுவனங்களின் காசோலைகளைப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து பெரிய வங்கிகள் காசோலைக்குக் கட்டணமும் வாங்குகின்றன. கல்யாண மொய்யைக் காசோலையாக எழுதும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பழைய காசோலைப் புத்தகம் இருந்தால், அடிக்கட்டையைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

செக் சட்டைக்கும் சதுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பலகையின் கட்டம்தான் துணியின் கட்டம். சுமார் 1400இலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் இருந்தது. கார்ப் பந்தயத்தின் முடிவில் ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கொடியும் இதே குடும்பம். 2008 முதல் மரினா பேயில் நாம் பார்ப்பது. கட்டத் துணியில் நமக்குச் சொந்தக் கதையும் உண்டு. மலாய் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலேக்காட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு! அந்தத் துறைமுகத்தில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் நெசவுத்துணி அங்கிருந்து இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் கப்பலேறியது. ஊர்ப்பெயரே துணிப்பெயர் ஆகிவிட்டது. அரபு ஸ்திரீட் கடைகளில் அதை விரித்துக் காட்டும்போது நம் நெசவாளர்களின் ஊர்ப்பெயரைத்தான் மலாயில் சொல்கிறார்கள்.

அமெரிக்கர்கள் உணவகத்தில் "செக் கொண்டு வாருங்கள்" என்கிறார்களே?

அங்கே பில்லுக்கு அப்படிப் பெயர். சரி என்று போடும் 'டிக்' குறியும் அவர்களுக்குச் செக். 'ரெயின்செக்' என்பது மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு. 1880களில் பேஸ்பால் திடல்களில் தொடங்கியது.

'செக் வைத்தான்' என்று தமிழில் சொல்வது சரியா?

என் கருத்தில் முழுக்கச் சரி. "எதிரணிக்குச் செக் வைத்த தலைவர்" என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுகின்றன. வீட்டிலும் "மாமியார் நல்லா செக் வெச்சுட்டாங்க" என்று பேசுகிறோம். 'வை' என்ற வினை சேர்ந்த உடனே சொல் சதுரங்கப் பலகைக்குப் போய்விடுகிறது, 'பண்ணு' சேர்ந்தால் சரிபார்ப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு பொருளையும் இரண்டு வினையால் பிரித்து வைத்திருப்பது தமிழ்ப் பேச்சின் கெட்டிக்காரத்தனம்.

அப்படியென்றால் எழுதும்போதும் 'செக்' என்றே எழுதிவிடலாமா?

பேச்சில் எனக்கு மறுப்பில்லை. எழுத்தில், அதுவும் அறிவிப்புப் பலகையிலும் பள்ளிக் கட்டுரையிலும், எந்தச் செக் என்று பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அவசரம் காட்டுவதால்தான் நம் பொது இடங்களில் விநோதமான மொழிபெயர்ப்புகள் வருகின்றன, அது எனக்கு உண்மையாகவே வருத்தம். 'பைகளைச் சரிபார்ப்போம்' என்று எழுதினால் பைகளில் ஏதோ பிழை திருத்தப்போவதுபோல இருக்கும்; பையைச் சோதனையிடுவார்கள். விடைத்தாளைச் சரிபார்க்கலாம். ரத்த அழுத்தத்தைப் பரிசோதிப்பார்கள். கோபத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். "மேலாளரிடம் செக் பண்ணிச் சொல்கிறேன்" என்பதற்குக் கேட்டுச் சொல்கிறேன் என்பது போதும், வேறெதுவும் வேண்டாம். விடுதியில் செக்-இன் செய்வது பதிவு செய்வது. சட்டை கட்டம் போட்டது.

செக்பாயின்டுக்குச் சோதனைச்சாவடி என்ற சொல் சிங்கப்பூரில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. 'உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நெரிசல்' என்று தமிழ் முரசு நாளிதழிலும் 'செய்தி' இணையத்தளத்திலும் வந்தால் யாரும் அகராதி தேடுவதில்லை. 2003இல் அமைந்த குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர்கள் தங்கும் இடத்துக்கும் சுங்கம் வாங்கும் இடத்துக்கும் நம் ஊர்களில் வழங்கிய பழைய சொல். எல்லையில் வண்டியை நிறுத்திவைக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்திருக்காது.

செக் குடியரசு? வ.உ.சி. இழுத்த செக்கு?

உறவே இல்லை. செக் என்பது அந்த ஸ்லாவிய மக்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு, எண்ணெய் ஆட்டும் செக்கு, தூய தமிழ்ச் சொல்.